சொல்லியாயிற்று

“அவனுக்குச் சொல்லித்தான் இருக்காங்க, ஹெர்மின். ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல,” என்றான் எக்பர்ட். சொல்லிவிட்டு, தட்டிலிருந்த வெண்ணெய் கேக்கில் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டான்.

ஹெர்மின் எல்லோருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். கணவன் பேரண்டை அடக்கம் செய்த பிறகு அந்தச் சமையலறை மேசையைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை. எக்பர்ட் பேரண்டின் அண்ணன். அவனுக்கு எதிரே பக்கத்து வீட்டு வோல்டரும் அவன் மனைவி டீக்கெயும். துக்கம் நடந்த வீட்டில், சவப்பெட்டியைத் தூக்கிய அண்டை வீட்டார் ஒருநாள் வந்து காப்பி குடித்துவிட்டுப் போவது ஓல்டர்பேக் ஊரில் வழக்கம். அதோடு துக்கம் கழிந்தது என்று கணக்கு. மறுநாளிலிருந்து யாரும் அதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

“யார் சொன்னது?” என்று கேட்டாள் ஹெர்மின்.

“யாருன்னா? சூதாட்ட விடுதியிலதான். அதுக்குச் சட்டமே இருக்கே. அடிக்கடி வர்ற ஆளைத் தனியா கூப்பிட்டு, இதுல தோக்கத்தான் வாய்ப்பு அதிகம், பாத்து நடந்துக்கோன்னு எடுத்துச் சொல்லணும். நேத்து நானே ஃபோன் போட்டுக் கேட்டேன். எல்லாம் முறைப்படி சொல்லியாச்சாம். அவனும் புரிஞ்சுதுன்னு சொன்னானாம். அப்புறம் யாரைப் போய்க் குத்தம் சொல்றது?”

“அதைத்தான் கேக்கறேன். சொன்ன ஆளுக்கு ஒரு பேர் இருக்கும்ல?”

குளிர்பதனப் பெட்டி உறுமி நின்றது. வோல்டர் கரண்டியைக் கோப்பைக்குள் விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தான். அவன் காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.

“நான்தான்,” என்றான்.

ஹெர்மின் அவன் கோப்பையை மறுபடி வழக்கமான அளவுக்கு நிரப்பினாள். பால் குவளையை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். அதன் பிறகே உட்கார்ந்தாள்.

வோல்டர் அந்த விடுதியில் வேலை செய்வது அவளுக்குத் தெரியும். டயர் தொழிற்சாலையை மூடியபோது அந்தத் தெருவில் பாதிப் பேர் அங்கேதான் போனார்கள். அவன் வாசலில் நின்று வருகிறவர்களின் மேலங்கியை வாங்கி மாட்டுகிறான் என்று நினைத்திருந்தாள். பேரண்ட் நகராட்சியில் தெருக்கூட்டும் வண்டி ஓட்டினான். குளிர்காலம் முழுவதும், சாலையில் உப்புத் தூவக் கூடுதல் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவான். அந்த வருஷம் பனி விழுந்ததே குறைவு. அதை அவள் யோசிக்கவில்லை. பனிக்காலம் போய் அவன் கால்வாயில் பிணமாகக் கிடைத்த பிறகுதான் யோசித்தாள்.

“எங்கிட்ட?” என்றாள்.

“உங்கிட்ட சொல்லக் கூடாது, ஹெர்மின். ஆடுறவன்கிட்ட சொல்லியே ஆகணும். வீட்டாளுங்ககிட்ட மூச்சு விடக் கூடாது. அதுவும் சட்டம்தான். மீறினா அன்னிக்கே வேலை காலி.”

“கட்டின பொண்டாட்டி எங்கிட்டயே சொல்லல இந்த மனுஷன்,” என்றாள் டீக்கெ. “உங்க வீட்டுப் புகைபோக்கியில தீப்பொறி பறந்தப்போ வெறும் ஜட்டியோட ஓடி வந்து உங்க ஜன்னலத் தட்டினவன் இவன். தெருவே சிரிச்சுது. இதுக்கு மட்டும் சட்டை, டை, வாய்ல பூட்டு.”

“டீக்கெ,” என்றான் வோல்டர்.

“என்ன டீக்கெ? உசுரோட இருந்தப்போ வீட்டுக்குச் சொல்லக் கூடாதாம். செத்த மறுவாரமே அண்ணன்காரன் ஃபோன் போட்டா எல்லாத்தையும் சொல்றாங்களாம். நல்லா இருக்குய்யா உங்க சட்டம்!”

எக்பர்ட் விரலில் ஒட்டியிருந்த வெண்ணெயைத் துடைத்தான். “இது புகைபோக்கி இல்ல. நாப்பது தாண்டின ஆம்பளை. சொன்னாங்க, கேட்டான், மறுபடி போனான். பக்கத்துல படுத்துக் கிடந்தவளுக்கே ஒண்ணும் தெரியலைங்கறப்போ, பாவம் வோல்டரை என்ன சொல்றது?”

தெருவின் தீர்ப்பும் அதுதான். ரொட்டிக் கடையில், பள்ளிக்கூட வாசலில், சைக்கிள் நிறுத்துமிடத்தில் அதை ஹெர்மின் கேட்டிருந்தாள். அவளைக் கண்டதும் பேச்சு நின்றுபோகும் விதத்திலிருந்தே கேட்டிருந்தாள். தெரிந்திருந்ததால் பேரண்ட் குற்றவாளி. தெரியாமலிருந்ததால் அவள் குற்றவாளி. மகள் யின்டெ பள்ளியிலிருந்து வந்து, “தோத்துடுவோம்னு அப்பாவுக்கு முன்னாடியே தெரியுமாமே?” என்று கேட்டாள். பிறகு பையை மாட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அன்றுதான் ஹெர்மின் சூதாட்ட மேற்பார்வை அலுவலகத்துக்கு மனுப் போட்டாள். பேரண்டுக்குச் சொன்னது சரியாகச் சொன்னதுதானா என்று அவர்கள் பார்க்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

“அந்த மனுவைத் திருப்பி வாங்கிடு,” என்றான் எக்பர்ட். “ஊர்ல எல்லாரும் அந்த விடுதியை நம்பித்தான் இருக்கோம். நம்ம ஊர் பேண்டுக்குப் புது டிரம் யார் வாங்கிக் கொடுத்தது?”

“தெரியும். அவரை அடக்கம் பண்ணினப்போ அடிச்சீங்களே, அதுதானே.”

எக்பர்ட் எழுந்து மேலங்கியைப் போட்டுக்கொண்டான்.

அவன் போன பிறகு காப்பியின் மேல் ஆடை படிந்தது. பிறகு ஹெர்மின், “வோல்டர், அவர்கிட்ட சொன்னதை எனக்கும் சொல்லுங்க. அங்கேயே வெச்சு. அதே மாதிரி,” என்றாள்.

அவன் மாட்டேன் என்று சொல்வான் என்று டீக்கெ நினைத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூட்டம் கம்மி,” என்றான்.

செவ்வாய்க்கிழமை ஹெர்மின் விடுதி வாசலில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போனாள். கம்பளம் காலடிச் சத்தத்தை விழுங்கியது. ஆட்டக் கூடத்தின் ஓரத்தில் ஒரு சின்ன அறை இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு வட்ட மேசை, தண்ணீர்க் கூஜா, மேசைமேல் அடுக்கிய துண்டுப் பிரசுரங்கள். கதவைச் சாத்தியதும் வெளிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. தனியான, அமைதியான இடத்தில் சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அமைதியாகத்தான் இருந்தது. கூடத்தைப் பார்த்த சுவர் மட்டும் முழுக்கக் கண்ணாடி. யாராவது கோபப்பட்டு ஊழியர்மேல் கை வைத்துவிட்டால் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று அப்படிக் கட்டியிருந்தார்கள்.

“அவர் எங்க உக்காந்தார்?”

வோல்டர் நாற்காலியைக் காட்டினான். அவள் உட்கார்ந்தாள். அவன் எதிரே உட்கார்ந்து டையைச் சரிசெய்துகொண்டான். தெருவில் பேசும் குரலை விட்டுவிட்டு இன்னொரு குரலில் ஆரம்பித்தான்.

“நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி. கொஞ்ச நாளா நீங்க அடிக்கடி வர்றதைக் கவனிச்சோம். அதான் உங்களோட பேசலாம்னு. ரூலெட் சக்கரத்துல முப்பத்தேழு குழி இருக்கு. உங்க எண் விழுந்தா முப்பத்தஞ்சு மடங்குதான் கிடைக்கும். அந்த வித்தியாசம் எப்பவும் விடுதிக்குத்தான். பந்துக்கு ஞாபகம் கிடையாது. ரொம்ப நேரமா விழாத எண் இனிமே விழுந்தே ஆகணும்னு இல்ல. நீண்ட நாள் ஆடினா, ஆடுறவர் தோப்பார். இது உங்களுக்குப் புரியுதா?”

“அவர் என்ன சொன்னார்?”

“புரியுதுன்னான். தலையாட்டினான்.”

“அப்புறம்?”

“நீங்க இங்க வர்றது வீட்ல தெரியுமா? இப்படிக் கேக்கணும்.”

“கேட்டீங்களா?”

“கேட்டேன். தெரியும்னான்.”

ஹெர்மின் அவன் முகத்தையே பார்த்தாள். அந்தக் கேள்வியைக் கேட்டவன் மறுநாள் காலையில் வேலிக்கு மேலாக அவளிடம் முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டு போனவன்.

“பொய்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.” அவன் குரல் திரும்பத் தெருக்குரலாகிவிட்டது. “அவன் என்ன சொல்றானோ அதைத்தான் எழுதணும், ஹெர்மின். எனக்குத் தெரிஞ்சதை எழுத அதுல இடம் இல்ல.”

அவள் பார்வை அவன் தோளைத் தாண்டிப் போயிருந்தது. போனது அவளுக்கே தெரியவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அருகிலேயே ஒரு மேசை. சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. வெள்ளைப் பந்து விளிம்பில் ஓடி, வேகம் குறைந்து, குழிகளின்மேல் தத்தித் தத்தி விழுந்தது. ஒரு கிழவர் இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக் குனிந்திருந்தார். மறுபடி சுற்றினார்கள். பந்து தத்தியது. எங்கே நிற்கும் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவள் அந்த ஆட்டத்தை விரும்பியவள் அல்ல, வாழ்நாளில் ஒரு சீட்டுக்கட்டைக்கூடத் தொட்டவள் அல்ல. இருந்தும் முடியவில்லை.

“வோல்டர், நீங்க எப்பவும் அந்த நாற்காலியிலதான் உக்காருவீங்களா?”

“ஆமா. விருந்தாளி சுவரைப் பாத்து உக்காரக் கூடாது, மரியாதையா இருக்காதுன்னு பயிற்சியில சொல்லிக் கொடுத்தாங்க.”

“ஒரு நிமிஷம் இங்க வந்து உக்காருங்க.”

அவள் எழுந்ததும் அவன் வந்து உட்கார்ந்தான். அவன் அந்த நாற்காலியில் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. அவள் கதவோரம் நின்றாள்.

“முப்பத்தேழு குழி இருக்கு,” என்றாள் மெதுவாக. “பந்துக்கு ஞாபகம் கிடையாது. புரியுதா?”

வோல்டரின் கண் கண்ணாடிக்குப் போயிற்று. பந்து தத்தும்போதெல்லாம் அவன் தலை லேசாக, கூடவே, மேலும் கீழும் அசைந்தது. அது அசைவதைச் சற்று நேரம் கழித்துத்தான் உணர்ந்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

“தலையாட்டினானே,” என்றான் கைகளுக்குள்ளிருந்து. “ஒவ்வொரு தடவையும் தலையாட்டினானே.”

அவள் ஆறுதல் சொல்லவில்லை. அவளிடம் இல்லாததை எப்படித் தருவது?

வெளியே வரும்போது வழக்கப்படி ஒரு சின்ன வில்லையை அவள் கையில் வைத்தான். நேரம் ஒதுக்கியதற்காக விடுதி தரும் இலவசக் காப்பிக்கானது. ஆட்டக் கூடத்தின் நடுவிலிருக்கும் கடையில் மட்டும்தான் அது செல்லும்.

விசாரணை நகர மன்றத்தின் பின்கட்டில் நடந்தது. மேற்பார்வை அலுவலகத்திலிருந்து ஃபோக்கெமா என்ற பெண் அதிகாரியும், தட்டச்சு செய்ய ஒருவரும் வந்திருந்தார்கள். விடுதி மேலாளர் நல்ல சாம்பல் நிற கோட்டில் வந்து ஹெர்மினிடம் கைகொடுத்து அனுதாபம் சொன்னார். எக்பர்ட் வரவில்லை. அன்று காலை டீக்கெ கணவனிடம், “வேலை போச்சுன்னா போகட்டும். நான் பள்ளிக்கூடம் பெருக்கப் போறேன். நீ ஒழுங்கா வாயைத் திற,” என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

“விளையாட்டில் உள்ள வாய்ப்பு, ஆபத்து ரெண்டையும் நீங்க அவருக்கு எடுத்துச் சொன்னீங்களா?” என்று கேட்டார் ஃபோக்கெமா.

“சொன்னேன்.”

“அவருக்குத் தெரிஞ்ச மொழியில?”

“நானும் அவனும் ஒரே வகுப்புலதாம்மா படிச்சோம்.”

“தனி இடத்துல?”

“ஆமா. ஆனா...”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்.”

மேலாளர் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். வோல்டர் அவரைப் பார்த்தான். பிறகு ஹெர்மினைப் பார்த்தான். அவள் அவனிடம் எதையும் எதிர்பார்க்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அதுதான் அவனைப் பேசவைத்தது.

“ஆனா அவன் சக்கரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தான். நான்தான் அவனை அப்படி உக்கார வெச்சேன். என் முதுகுக்குப் பின்னாடி ஆட்டம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. தலையாட்டினான்னு எழுதினேன். அவன் எனக்குத் தலையாட்டல. வீட்ல தெரியும்னான்னு எழுதினேன். தெரியாதுன்னு எனக்குத் தெரியும், நான் அடுத்த வீட்டுக்காரன். பேசி முடிச்சதும் காப்பிக்கு வில்லை கொடுத்து நானே அவனைத் திரும்பக் கூடத்துக்குள்ள அனுப்பினேன். நாங்க சொன்னோம்மா. சொல்லிட்டோம்னு ஆகறதுக்குத்தான் சொன்னோம். அவன் கேக்கறதுக்கு இல்ல.”

தட்டச்சுச் சத்தம் நின்றது. ஃபோக்கெமா கெட்டவர் அல்ல. அவருக்கும் அது உறைத்தது.

“இறந்தவர் எதைப் பார்த்தார்ங்கறது உங்க ஊகம்,” என்றார். “அதை நான் எடுத்துக்க முடியாது.”

இடைவேளை விட்டார்கள். திரும்பி வந்தபோது மேலாளர் வோல்டரைத் தாண்டிப் போய் உட்கார்ந்தார். அவனைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை அவனை ஒரு அறைக்கு அழைத்து, தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, வேலை போயிற்று என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புவார்கள் என்பது அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஃபோக்கெமா ஹெர்மினைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: “உங்க கணவருக்கு விவரம் எல்லாம் முழுசா, புரியற மொழியில, உரிய நேரத்துல சொல்லப்பட்டிருக்கு. விடுதி தன் கடமையைச் செஞ்சிருக்கு. கண்ணாடிக்கு ஒரு திரை போடச் சொல்லி ஆலோசனை எழுதறோம். அதைக் கட்டாயப்படுத்த முடியாது. உங்க துயரத்துக்கு வருந்தறோம்.” பிறகு விதியில் இருந்ததையும் சேர்த்தார். “முடிவு புரிஞ்சுதுன்னு நீங்க சொன்னாத்தான் இந்த விசாரணையை முடிக்க முடியும். புரிஞ்சுதா?”

ஹெர்மின் தன் தலையை அசையாமல் வைத்துக்கொண்டாள். அதற்கு அவள் பிரயாசைப்பட வேண்டியிருந்தது. கழுத்து தானாகவே குனியப் பழகியிருந்தது.

“இல்லை,” என்றாள்.

“எந்த இடம் புரியலைன்னு சொன்னா, விளக்கறேன்.”

“எல்லா இடமும்.”

ஃபோக்கெமா மறுபடி சொன்னார். இந்த முறை இன்னும் எளிமையாக, சின்னச் சின்ன வாக்கியங்களாக. ஹெர்மின் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

“இப்ப?”

“இல்லை.”

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். தட்டச்சு செய்பவர் விரல்களைத் தூக்கியபடி காத்திருந்தார். வோல்டர் நாற்காலியை இழுத்து ஹெர்மினுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

“எனக்கும் புரியலைம்மா,” என்றான்.

ஃபோக்கெமா தண்ணீர் குடித்தார். காகிதத்தின் முதல் வரிக்கு விரலைக் கொண்டுபோய், திரும்பவும் ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.