அவர் பெயரில் ஒரு வசனம்

முப்பத்தேழு வருடத்தில் என் கணவர் சந்தனம் என்னோடு பேசியதையெல்லாம் ஒரு கொப்பியின் நாலு பக்கத்துக்குள் அடக்கிவிடலாம். அதில் பாதி "சோத்தைப் போடு".

அவருடைய முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க மன்னார் ரவுணுக்குப் போனேன். "படத்துக்குக் கீழ, அவர் வழமையாச் சொல்லுறது ஏதும் போடுவமா அன்ரி?" என்று அச்சகத்துப் பிள்ளை கேட்டாள். எல்லாருடைய அட்டையிலும் ஏதோ இருக்கிறது. என் மனிசன் மட்டும் வெறும் ஆளாகவா போகவேண்டும்? எனக்கு ரோசம் வந்துவிட்டது. "நீ நிக்கிற கரைக்குத்தான் நான் திரும்பி வருவன்" என்று நானே ஒன்றைச் சொல்லி, அவர் பெயரைப் போடச் சொன்னேன்.

எங்கள் கடற்கரை ஊர் தாழ்வுபாடே அழுதது. "என்ர அண்ணனுக்குள்ள இவ்வளவு பாசமோ!" என்று மச்சாள் மூக்கைச் சிந்தினாள். மெல்ல மெல்ல நானும் நம்பத் தொடங்கினேன். தனியாகச் சாப்பிடும்போது அந்த அட்டையைச் சோத்துக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

போன ஞாயிறு பிரான்சிலிருந்து மகள் தர்ஷிகா கோபத்தோடு போன் எடுத்தாள். அந்த வசனம் பேஸ்புக்கில் சுற்றுகிறதாம். "நீ நிற்கும் கரையே என் கரை" என்று மாற்றி, கீழே தாடி வைத்த யாரோ வெள்ளைக்கார அறிஞரின் பெயரைப் போட்டிருக்கிறார்களாம்.

"அப்பான்ர வசனத்தைக் களவெடுத்துப்போட்டாங்கள் அம்மா. நான் விடமாட்டன். அட்டையையும் போட்டு, அப்பா எப்ப, எங்க சொன்னவர் எண்டும் எழுதப்போறன். சொல்லுங்கோ."

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னால் அந்தத் தாடிக்காரனிடமிருந்து மட்டுமா போகும்? அவள் அப்பாவிடமிருந்தும் போய்விடும். அவர் விட்டுப்போன அன்பென்று அவளுக்கு இருப்பது அந்த ஒரு வரிதான். எனக்கும் அதுதான்.

"ஒருநாள் மத்தியானம், நான் கருவாடு காயப்போடேக்க," என்றேன். "கடல் தொழிலுக்குப் போக முதல் சொன்னவர்."

"அதுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. அவர் பேசுகிறாரில்லை என்று இத்தனை வருடம் குறைப்பட்டவள், அவருக்குச் சொல்ல என்னிடம் என்ன இருந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

"அம்மா? லைனில நிக்கிறீங்களே?"

"ஓம். கவனமாப் போயிட்டு வாங்கோ எண்டு சொன்னனான்."

அதையும் நான் அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை.