இடைவேளையில் வந்தவன்

மாத்தளை மாவட்டத்தில் ரஷ்ய பாலே நடனத்தைக் கரைத்துக் குடித்த ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் உண்டென்றால், அது பலாபத்வல செல்வரத்தினம்தான். கோயில் திருவிழாவில் பரதநாட்டியம் தொடங்கினாலே செருப்பைத் தேடுகிற மனிதர் அவர். இப்போது வெள்ளை உடுப்புக்காரிகள் கால்விரல் நுனியில் நிற்பதைத் தொலைக்காட்சியில் மணிக்கணக்காகப் பார்த்தார். எல்லாம் மகன் தனோஜனுக்காக. மொஸ்கோவில் ஒரு நடன அரங்கில் அட்டை மரங்களைத் தள்ளும் வேலைக்குப் போனவன், ஏஜென்ட் நீட்டிய தாளில் கையெழுத்து வைத்து, போர்முனைக்குப் போய்ச் சேர்ந்தான். பதினான்கு மாதமாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

போர்முனையில் கூட இருந்தவர்கள் அவன் செத்துவிட்டான் என்றார்கள். உடல் வரவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து சுதுகங்கைக் கரையில் கொள்ளி வைப்பதென்று முடிவாகியிருந்தது. அதற்குக் கணவரைச் சம்மதிக்க வைக்க அருந்ததி நாலு மாதம் மன்றாடினாள். பெற்ற பிள்ளைக்கு இதற்காகவா மன்றாட வேண்டும் என்று தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. நாளைக் காலை ஆறு மணிக்கு ஐயர் வருவார்.

மத்தியானம் எள் புடைத்துக்கொண்டிருந்தபோது செல்வரத்தினம் கத்தினார்.

"அருந்ததி, ஓடி வா! தம்பி இருக்கான்! உசிரோட இருக்கான்!"

சுளகோடு ஓடினாள். அந்த அரங்கத்தார் நேற்று இணையத்தில் போட்ட புதுப் படம். இடைவேளையில் கமெரா மேடைக்குப் பின்னால் போகிறது. கறுப்புச் சட்டையில் நாலு பேர் ஒரு அட்டை மரத்தைத் தள்ளுகிறார்கள். மூன்றாவது ஆள் தனோஜன். ஒரு கணம் இந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறான்.

"நேத்துத்தான் போட்டிருக்காங்க. நான் சொன்னேனே, நீ கேட்டியா?" அழுகையும் சிரிப்புமாக அவர் ஐயருக்கு அழைத்தார். "ஐயா, நாளைக்கு வர வேணாம். பிள்ளை இருக்கான்..."

அருந்ததி சுளகைக் கீழே வைத்தாள். சாமி படத்தை நோக்கிக் கும்பிட்ட கை கும்பிட்டபடி நிற்க, மீண்டும் திரையைப் பார்த்தாள். மரத்தைப் பிடித்திருந்த இடது கைப் பெருவிரலில் ஒரு கட்டு. வெள்ளைத் துணி, ஓரத்தில் பச்சைக் கரை.

போன முதல் மாதமே அட்டை மரத்தின் இரும்புச் சட்டம் விழுந்து விரல் நசுங்கியது. அம்மா கொடுத்தனுப்பிய வேட்டியைக் கிழித்துக் கட்டியிருப்பதாக வீடியோ அழைப்பில் காட்டினான். புண்ணுக்கு ஏற்பு ஊசி போட்டாயா என்று அதட்டியவர் செல்வரத்தினம். படத்தை நேற்றுப் போட்டார்கள், ஆனால் எடுத்தது அப்போது.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. பிறகு அவர் கையிலிருந்த ஃபோனை வாங்கினாள்.

"ஐயா, நீங்க ஆறு மணிக்கே வாங்க."

"உனக்கென்ன பைத்தியமா?"

அவள் படத்தைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, அந்த விரலைத் தொட்டுக் காட்டினாள். செல்வரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்கும் அந்தக் கரை தெரியும். அந்த வேட்டியை வாங்கி வந்தவரே அவர்தான்.

அவள் தொலைக்காட்சியை நிறுத்தப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்தார்.

"நிப்பாட்டாத. இன்னும் ஒரு பாகம் இருக்கு. மரத்தத் திரும்ப எடுக்க வருவான்."