நூறு பேர் கையெழுத்து

என் கணவர் திருச்செல்வம் இறந்தபோது அவர் சேர்த்துவந்த மனுவில் சரியாக நூறு கையெழுத்து இருந்தது. முதல் கையெழுத்து அவருடையது.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி இரண்டு புளோக். புதிய தொகுதி வரைபடத்தின் கோடு நடுவிலுள்ள கார் நிறுத்துமிடத்தில் போனது. ஏ புளோக் ஒரு எம்.பி.க்கு, பி புளோக் இன்னொருவருக்கு. தண்ணீர்த் தொட்டி மட்டும் ஒன்றுதான். "டேங்க் உடைஞ்சா ரெண்டு பேரும் மத்தவரைக் கையைக் காட்டுவாங்க" என்று சொல்லி அவர் வீடு வீடாக ஏறினார். ஆட்சேபிக்கத் தொகுதி வாக்காளர் நூறு பேராவது வேண்டும். முப்பது நாள் கெடு. இருபத்தாறாம் நாள் காலை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் கட்டிலில் சாய்ந்தார்.

தகனம் முடிந்தபோது மூன்று நாள் மீதி இருந்தது.

பக்கத்து வீட்டு மாதவி மனுவைப் பார்த்தாள். "அப்படியே குடுத்துடுங்கக்கா. வோட்டர் லிஸ்ட்ல அண்ணன் பேரு இன்னும் இருக்கு லா. யாருக்குத் தெரியப் போவுது?"

தெரியாதுதான். ஆனால், செத்தவர் பெயரெல்லாம் பட்டியலில் இருக்கிறதே என்று தேர்தல்தோறும் கொதித்தவர் அவர். அவரையே அப்படி நூறில் ஒருவராக எண்ண எனக்கு மனம் வரவில்லை. நான் போடலாமென்றால் என் ஓட்டு கிள்ளானில். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷமாகியும் மாற்றவில்லை. ஓட்டுச் சாக்கில் அக்கா வீட்டில் ஒருநாள் தங்கலாம் என்பதற்காக.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை நாங்கள் பிறர் வீட்டு வாசல் மிதிப்பதில்லை. அதனால் கீழே மின்தூக்கி அருகில் மனுவோடு நின்றேன். துக்கம் விசாரிக்கச் சங்கடப்பட்டுச் சிலர் படியில் ஏறினார்கள். நின்றவர்களில் ஒருவருக்கு ஓட்டு பூச்சோங்கில், ஒருவருக்குச் செலாயாங்கில். "நான் இங்க தூங்கத்தான் வரேன் ஆன்டி" என்றாள் ஒரு பெண். பாதிப் பேர் என்னைப் போலத்தான். கோடு எங்கே விழுந்தால் என்ன என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது.

கடைசி நாள் காலை ஏழாம் மாடி நுஃமான் வந்தார். உணவகம் நடத்துகிறவர். என் கணவரை இரண்டு முறை திருப்பி அனுப்பியவர்.

"உங்க ஓட்டு எங்க தம்பி?"

"இங்கதான்க்கா."

"அப்ப ஏன் அவருக்குப் போடல?"

"கடை லைசென்ஸ் புதுப்பிக்கணும். கவர்மெண்ட் பேப்பர்ல பேரு போக பயம் லா. அண்ணன் என்னைக் கோழின்னுட்டுப் போனாரு. கடையில தினம் நூறு கோழி வெட்றவன் நான்." பேனாவை வாங்கினார். "பயம் இப்பவும் இருக்கு."

அவர் போட்டு முடித்ததும், என் கணவரின் பெயர்மேல் கோடு போடக் குனிந்தேன்.

"ஏன்க்கா அடிக்கிறீங்க? நூத்தியொண்ணு இருந்தா வாங்கமாட்டாங்களா?"

அடிக்கவில்லை. பெயருக்குப் பக்கத்தில் அவர் இறந்த தேதியை மலாயில் எழுதினேன். தேர்தல் அலுவலகத்து அதிகாரி அதைப் படித்தார். பிறகு இரண்டாம் வரியிலிருந்து விரல்வைத்து எண்ணிக்கொண்டு போய், கடைசித் தாளில் முத்திரை குத்தினார்.