கல்யாணமான கடற்கன்னி

1

இந்தக் கதை அண்ணி கேட்ட கேள்வியில் பிறந்தது. காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்: "கடற்கன்னிக்குக் கல்யாணம் ஆயிட்டா அவளை என்னன்னு கூப்பிடுவாங்க?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பு பொருட்காட்சியில், கண்ணாடித் தொட்டிக்குள் வால் மாட்டிக்கொண்டு கடற்கன்னியாக நீந்தியவர் அவர்.

2

முதல் தொடக்கம்: "நீலக்கடலின் ஆழத்தில் ஒரு..."

(வேண்டாம். தொட்டியில் இருந்தது மருந்து போட்ட குழாய்த் தண்ணீர். கண் எரியும் என்பார் அண்ணி.)

இரண்டாவது: "கொடுமைக்காரக் கணவன் ஒருவன்..."

இதுவும் பொய். என் அண்ணன் சாது. வேலைக்குத் திரும்பட்டுமா என்று புதுப்பெண்ணாக அண்ணி கேட்டபோது, "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டினான். அவ்வளவுதான். அண்ணி போகவில்லை.

(பழைய கதைகளில் மீனவன் அவளுடைய பொருள் எதையாவது ஒளித்துவைப்பான். அது கிடைத்த அன்றே அவள் கடலுக்குப் போய்விடுவாள். அண்ணன் எதையும் ஒளிக்கவில்லை. ஒளித்திருந்தால் அண்ணி தேடியாவது எடுத்திருப்பார்.)

3

இந்த வருடப் பொருட்காட்சிக்கு அண்ணனே எங்களை அழைத்துப்போனான். தொட்டிக்குள் ஒரு சின்னப் பெண் கையசைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, மூச்சுவிட வைத்திருந்த காற்றுக்குழாய் அவள் கையிலிருந்து நழுவியது. துழாவினாள், அகப்படவில்லை. அதுவும் வித்தை என்று கூட்டம் கைதட்டியது.

அண்ணி ஆட்களை இடித்துக்கொண்டு போய்க் கண்ணாடியைத் தட்டினார். அவள் திரும்பியதும் கையை மேலே காட்டினார். அவள் மேலே எழும்பி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பேருந்தில் வரும்போது மெதுவாகக் கேட்டான்: "மறுபடியும் போறியா?"

"அப்பவே இப்படிக் கேட்டிருக்கலாம்."

"கேக்கத் தெரியல."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

4

முடிவு ஒன்று: அண்ணி வாலை மாட்டிக்கொண்டு மறுபடியும் தொட்டியில் இறங்குகிறார்.

(அண்ணியே இதைக் கோடு போட்டு அடித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா காதுல தண்ணியே படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லி எவ்வளவு நாளாச்சு.")

முடிவு இரண்டு: அண்ணி அண்ணனை மன்னித்துவிடுகிறார்.

(இதை அண்ணன் அடித்தான்.)

5

இன்று பொருட்காட்சிக்குக் கடைசி நாள். அடுத்த பொருட்காட்சிக்குள் அந்தப் பெண்ணுக்குப் பழக்கிவிட ஆள் தேவையாம், இன்றே வந்து சொல்ல வேண்டுமாம். தொட்டிக்கு வெளியே நின்று சொல்லிக்கொடுத்தால் போதுமாம். அண்ணன் தானாகவே போய் விசாரித்து வந்திருக்கிறான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். அண்ணி இன்னும் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

கூப்பிடட்டுமா என்று என்னைப் பார்க்கிறான். எனக்கும் தெரியவில்லை. நீங்களாக இருந்தால் அந்தக் கதவைத் தட்டுவீர்களா?