நிமிடத்துக்கு ஆறு மூச்சு

காலை பத்தேகாலுக்குக் குண்டு வெடிக்கும் என்று ஒரு வாரத்துக்கு முன்பே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். கீழே பெரிய டாக்டரின் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், கலந்துகொள்வோருக்கு மதிய உணவுப் பொட்டலம் உண்டு என்று ஓர் அடிக்குறிப்பு.

ஒத்திகைதான். வருடா வருடம் நடப்பது. பதினோரு வருடத்துக்கு முன்னால் பஸ் நிலையத்தில் நிஜமாகவே வெடித்தபோது, ஒன்றரை மணி நேரத்தில் எண்பத்து மூன்று பேரை இந்த ஆஸ்பத்திரி முற்றத்தில் கொண்டுவந்து கிடத்தினார்கள். அன்று ஸ்ட்ரெச்சர் பன்னிரண்டு. இன்று அறுபது. வாசலில் மெட்டல் டிடெக்டர், லாரி மோதினாலும் அசையாத கான்கிரீட் தூண்கள், மூலைக்கு மூலை கேமரா. ஊர் முன்னைவிடப் பத்திரமாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பேச்சு வந்தால் வாசல்காரி மட்டும் கையிலிருக்கும் வேலையில் ரொம்ப மும்முரமாகிவிடுவாள்.

வாசல்காரி என்பது எமர்ஜென்சி வார்டில் வைத்த பெயர். கூட்டமாக அடிபட்டு வந்தால், வாசலில் நின்று யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று பிரிக்கும் நர்ஸ் அவள். ஆளுக்கு அரை நிமிடம், மணிக்கட்டில் ஒரு டேக். சிவப்பு என்றால் இப்போதே தூக்கு. மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கும். பச்சை என்றால் நடந்தே வரட்டும். கறுப்பு என்றால் தாண்டிப் போ.

பஸ் நிலையத்தில் வெடித்த அன்றைக்கும் நின்றவள் அவள்தான். பதினேழு கறுப்பு கட்டினாள். அதில் ஒன்று, இப்போது மருந்துக் கிடங்கில் இருக்கும் மருந்தக்காவின் தம்பிக்கு. கடைகளுக்குப் பெயர்ப் பலகை மாட்டுகிறவன். இருபத்தாறு வயது. தலையில் பலத்த அடி. ஆனால் மூச்சு இருந்தது. மெல்ல, விட்டுவிட்டு, இருந்தது.

சிவப்புகள் உள்ளே போனதும் கறுப்புகளிடம் திரும்பிப் போய் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் இரண்டாவது சுற்று. அது தொடங்குவதற்குள் ஒரு போலீஸ்காரர் ஓடிவந்து, இங்கேயும் குண்டு வைத்திருப்பதாகப் போன் வந்திருக்கிறது என்று கத்தினார். முற்றம் காலியானது. வாசல்காரியும் ஓடினாள். போன் புரளிதான். அது தெரிந்து திரும்பி வர நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் அவன் போய்விட்டான்.

மறுநாள் பிணவறை வாசலில், தம்பியின் கையிலிருந்து வெட்டியெடுத்த கறுப்பு டேக்கோடு அக்கா நின்றாள். "வலியில துடிச்சானாம்மா?" என்று வாசல்காரியைக் கேட்டாள்.

"இல்லக்கா. வெடிச்ச எடத்துலயே போயிட்டாரு. எதுவும் தெரிஞ்சிருக்காது."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மருந்தக்கா எழுந்து நின்றாள். அடுத்த வருடம் இதே ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். வாசல்காரியின் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் படுக்கை அக்கா வீட்டில்தான். வாசல்காரியின் புருஷன் கோபித்துக்கொண்டால் பஞ்சாயத்தும் அக்காவிடம்தான். டேக் கட்டியது யார் என்று அக்கா கேட்டதில்லை. இவள் சொன்னதும் இல்லை. கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் மட்டும், செருப்பில் ஏறிய முள்ளாகக் கூடவே நடந்துகொண்டிருந்தது.

இந்த வருட ஒத்திகையில் அடிபட்டவர்களாக நடிக்க வேண்டிய கல்லூரிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பரீட்சை. ஆள் பற்றாமல் ஊழியர்களையே படுக்க வைத்தார்கள். பத்து மணிக்கு, நெற்றியில் சிவப்புச் சாயம் வழிய மருந்தக்கா வந்து நின்றதைப் பார்த்ததும் வாசல்காரி எண்ணிக்கொண்டிருந்த டேக்குகளைக் கீழே வைத்தாள்.

"என்னக்கா இது கோலம்?"

"ரத்தமாம்டி. கழுவினா போயிடும்னு சொல்றாங்க. போகலைன்னா உன் பெரிய டாக்டர் சட்டையிலதான் துடைப்பேன்."

"கிடங்கை யாரு பாத்துக்கறா?"

"பூட்டிட்டு வந்துட்டேன். ஒரு மணி நேரம் யாருக்கும் வியாதி வராம பாத்துக்குங்கன்னு சொல்லிட்டேன்." அக்கா கையிலிருந்த சீட்டை ஆட்டினாள். டப்பாவிலிருந்து ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் எழுதியிருப்பதுதான் அவரவர் காயம். "எனக்கு என்னமோ இங்கிலீஷ்ல கிறுக்கியிருக்கு. கண்ணாடி கிடங்குலயே இருக்கு. பெரிய காயமாத்தான் இருக்கும், ராசி அப்படி!"

சிரித்துக்கொண்டே போய்ப் பாயில் படுத்தாள்.

பத்தேகாலுக்கு டமாரென்று சத்தம். புகை. மார்க் போட வந்த அதிகாரி கழுத்தில் தொங்கிய கடிகாரத்தை அமுக்கினார். ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் நொடிக்கணக்கு. வாசல்காரி எங்கே போனாலும் இரண்டடி பின்னால் வந்தார்.

"ஐயோ, என் காலைக் காணோமே!" என்று ஒரு மாணவன் அலறினான்.

"அது மேலதான் உக்காந்திருக்கே. சும்மா இரு. மஞ்சள்."

அடுத்தவன் பச்சை. அதற்கடுத்தவள் சிவப்பு. விரல்கள் தாமாகவே ஓடின. பதினான்காவது பாய்க்கு வந்தாள்.

மருந்தக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நெஞ்சின் மேல் சீட்டு. வாசல்காரி குனிந்து படித்தாள். தலையில் பலத்த காயம். கூப்பிட்டால் பதில் இல்லை. மூச்சு, நிமிடத்துக்கு ஆறு.

கை சிவப்பு டேக் பக்கம் போனது. பின்னால் நொடிக்கணக்கு தொண்டையைச் செருமினார். சிவப்பு கட்டினால் தப்பு. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கறுப்பை எடுத்துக் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்து மணிக்கட்டைப் பார்த்தாள். "அடிப்பாவி, கொன்னுட்டியே! சீட்டுல செத்துட்டேன்னா போட்டிருக்கு?"

"செத்தவங்க பேசக்கூடாதும்மா" என்றார் அதிகாரி.

"சாகலையே சார். மூச்சு ஏதோ போட்டிருக்கு பாருங்க, ஆறுன்னு தெரியுதே."

அதிகாரி நல்ல மனிதர். விளக்கம் கேட்டால் சொல்லாமல் இருக்க மாட்டார். "கறுப்புன்னா செத்தவங்க மட்டும் இல்லம்மா. உசிரு இருந்தாலும், பொழைக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சா கறுப்புதான். அவங்களைப் பாத்துக்கிட்டு நின்னா, பொழைக்க வேண்டிய நாலு பேரு போயிடுவாங்க."

அக்காவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்களில் மட்டும் இல்லை.

"இது இப்ப வந்த ரூலா சார்?"

"அப்பலேர்ந்தே இதுதான். டேக்ல பார்கோடு மட்டும்தான் புதுசு."

அக்கா முழங்கையை ஊன்றி எழுந்தாள். அதிகாரியைப் பார்க்கவில்லை. "அன்னைக்கு வாசல்ல நீதானேடி நின்னே?"

வாசல்காரி வாயைத் திறப்பதற்குள் சைரன் அலறியது. இரண்டாவது குண்டு எச்சரிக்கை. இந்த வருடம் புதிதாகச் சேர்த்த கட்டம். சைரன் கேட்டால் ஊழியர் அத்தனை பேரும் அறுபது நொடிக்குள் முற்றத்தை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறாதவருக்கு எமர்ஜென்சியில் இனி வேலை இல்லை என்று பெரிய டாக்டர் சுற்றறிக்கையே விட்டிருந்தார்.

எல்லோரும் ஓடினார்கள். வாசல்காரியும் ஓடினாள். நாலு எட்டு. ஐந்து. கதவைத் தாண்டிவிட்டால் போதும், ஒத்திகை முடிந்துவிடும். சாப்பாடு, கூட்டம், கைதட்டல். சாயங்காலத்துக்குள் ஒரு பொய்யைத் தயார் செய்துவிடலாம். முன்பு செய்ததுதானே.

ஆறாவது எட்டு எழவில்லை. திரும்பி வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான்தாங்க்கா நின்னேன்."

"மூச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"வெடிச்ச எடத்துலயேன்னு சொன்னியேடி."

"பொய் சொன்னேன்."

சைரன் நின்றபாடில்லை. அக்கா அதைவிடத் தாழ்ந்த குரலில் கேட்டாள். "எவ்வளவு நேரம்?"

"தெரியலக்கா. இன்னொரு குண்டுன்னாங்க. ஓடிட்டேன். நாப்பது நிமிஷம் கழிச்சு வந்தேன்."

"முன்னாடியே வந்திருந்தா பொழைச்சிருப்பானா?"

"மாட்டாருக்கா. தலையில அடி அப்படி."

"இதுவும் பொய்யா?"

வாசல்காரியிடம் பதில் இருந்தது. உண்மையான பதில்தான். ஆனால் அதைச் சொல்லும் வாய்க்கு இனி மதிப்பில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அவனுக்குச் சின்ன வயசுல இருட்டுன்னா பயம்" என்றாள் அக்கா, யாரிடமோ சொல்வது போல. "யாராவது பக்கத்துல உக்காரணும். இன்னிக்கு மட்டும் எதுக்குடி திரும்பி வந்தே? நாடகத்துக்கு வரத் தெரிஞ்சவளுக்கு..."

அக்கா பாயை விட்டு எழுந்தாள்.

நொடிக்கணக்கு மெல்ல நடந்து வந்தார். "சிஸ்டர், அறுபது நொடி தாண்டிடுச்சு. ரூல்படி நீங்களும் போயிட்டீங்க" என்று தயங்கித் தயங்கி அவள் மணிக்கட்டில் ஒரு கறுப்பு டேக்கைக் கட்டினார். "மன்னிச்சுக்குங்க. ஆஸ்பத்திரிக்கு மொத்தத்துல தொண்ணூத்தோரு மார்க். உங்க விஷயம் மட்டும் பெரிய டாக்டருக்கு எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க சார்."

அபாயம் நீங்கியதற்கான மணி அடித்தது. செத்தவர்களும் கால் போனவர்களும் எழுந்து உணவுப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றார்கள். அதிகாரி ஆளுக்கொரு தாளை நீட்டிக்கொண்டே வந்தார். ஒரே ஒரு கேள்வி. பதினோரு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இப்போது பாதுகாப்பாக உணர்கிறீர்களா? ஆம், இல்லை. பெரும்பாலோர் 'ஆம்' போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

மருந்தக்கா இத்தனை வருடமும் 'ஆம்' போட்டவள். பேனாவை வாங்கினாள். 'இல்லை' என்ற கட்டத்தில், தாள் கிழிகிற மாதிரி ஒரு கோடு இழுத்தாள்.

"இல்லைன்னு போட்டா கீழ காரணம் எழுதணும்மா. ஒரு வரி விட்டிருக்கோம்."

"எடம் பத்தாது சார்."

தாளை அவர் கையிலேயே திணித்துவிட்டு நடந்தாள். நெற்றியிலிருந்த சாயம் காய்ந்து பொருக்காகிவிட்டிருந்தது. துடைக்கத் தோன்றவில்லை. கதவருகே நின்று, திரும்பாமல் சொன்னாள்.

"நாளையிலேர்ந்து வார்டுக்கு மருந்து வாங்க வேற யாரையாவது அனுப்பு."

"சரிக்கா" என்றாள் வாசல்காரி. அந்த 'அக்கா'வை மருந்தக்கா கேட்டாளோ இல்லையோ, கதவு மூடிக்கொண்டது.