அம்பிளிக்கு மட்டும் ஒரு வரி

மட்டாஞ்சேரி இரத்ததானக் குழுவின் கம்ப்யூட்டர் 2003 ஜூன் மழையில் இடி விழுந்து கெட்டுப்போனது. ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பியது. குழுவில் கம்ப்யூட்டர் தெரிந்த அஜீஷ் வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸின் புதிய பதிப்பை ஏற்றி, பழைய கோப்புகளை அதில் போட்டுக் கொடுத்தான். இரத்தம் கொடுக்கும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேரின் விவரமும் பத்திரமாக வந்தது. அதைத் திறந்து காட்டும் புரோகிராம்தான் ஓடவில்லை.

அதை எழுதியவன், குழுவின் பெயர்ப் பதிவைப் பார்த்துக்கொள்ளும் அம்பிளியின் புருஷன் சிவசங்கரன். கார்ப்பரேஷனில் வேலை பார்த்துக்கொண்டே, தானாகப் படித்து, தொண்ணூற்றேழில் எழுதினான். இரண்டு வருஷத்துக்கு முன் காய்ச்சல் கண்டு நாலே நாளில் போய்விட்டான். அதன்பிறகும் அம்பிளி சோறு வடித்தாள், குழுவின் அறைக்கு வந்தாள், போனை எடுத்தாள். எதுவும் அவளுக்குள் இறங்கவில்லை. அழுகைகூட வரவில்லை.

"என்னவாம் அஜீஷே?"

"இது ஓடணும்னா ஒரு பழைய லைப்ரரி வேணும் சேச்சி. பல புரோகிராமுக்கும் பொதுவான கோப்பு. பழசாயிடுச்சுன்னு புது லினக்ஸ்ல அதைத் தூக்கிட்டாங்க."

"நமக்கு வேணுமே."

"நம்மகிட்ட யாரு கேட்டா? சேட்டன் எழுதின மூல நிரல் இருந்தா புதுசுக்கு ஏத்த மாதிரி ஆக்கிடலாம்."

மூல நிரல் பிளாப்பிகளில் இருந்தது. ஈரத்தில் அவை பூசணம் பூத்துவிட, போன வருஷமே தூக்கிப் போட்டுவிட்டாள். அதைச் சொல்லும்போதும் அவள் குரல் மாறவில்லை.

அப்போது போன் அடித்தது. எறணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரி. பிரசவமான பெண்ணுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ், மூன்று பேர் உடனே வேண்டும்.

அஜீஷ் பதறினான். "அந்த லைப்ரரி இருக்கிற பழைய சிடி தோப்பும்படியில, கூடப் படிச்ச கூட்டுக்காரன்கிட்ட இருக்கு. போய் எடுத்துட்டு வரட்டா?"

"அதுக்கெல்லாம் நேரமில்லை. பேரெல்லாம் இருக்கிற கோப்பை, புரோகிராம் இல்லாமச் சும்மா திற."

திரை நிறையக் கிறுக்கல். நடுநடுவே பெயர், போன் நம்பர், அதை ஒட்டி ஒற்றை இலக்கம்.

"இது என்ன நம்பர் சேச்சி?"

"இரத்த வகை. ஓ நெகட்டிவ்னா எட்டு. ஆறு வருஷமா நான்தானே அடிக்கிறேன்."

எட்டு என்று இருந்தவர்கள் பதினோரு பேர். அவள் வரிசையாக அழைத்தாள். இருவரின் நம்பர் மாறியிருந்தது, ஒருவர் துபாயில் இருந்தார். கும்பளங்கியில் மீன் வளர்ப்பவர் புறப்பட்டார். போர்ட் கொச்சி ஹோட்டல் சமையல்காரர் புறப்பட்டார். ஒரு டீச்சரும் சரி என்றாள். சாயங்காலம் தாயும் பிள்ளையும் பிழைத்ததாகச் செய்தி வந்தது. "சரி" என்று அம்பிளி போனை வைத்தாள்.

மறுநாள் அஜீஷ் சிடியோடு வந்து, பழைய லைப்ரரியைத் தனி இடத்தில் போட்டான். புரோகிராம் ஓடியது. அம்பிளியின் விரல் கீபோர்டில் தவறான கட்டையில் பட்டது. திரையின் அடியில் ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ் வரி: தப்பு, அம்பிளி. மறுபடி அடி.

அஜீஷ் அவளைப் பார்த்தான். "அடுத்த பதிப்புல இதுவும் நிக்காது சேச்சி. வேற புரோகிராம் எழுதி, எல்லாப் பேரையும் அதுக்கு மாத்திடட்டா?"

"மாத்திடு."

"இந்த வரி?"

"அது எதுக்கு? பேரும் நம்பரும் வந்தாப் போதும்."

அவன் சாயா குடிக்க இறங்கிப் போனான். அம்பிளி வேண்டுமென்றே அந்தக் கட்டையை அழுத்தினாள். வரி வந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள். நெஞ்சில் ஏதாவது அசைகிறதா என்று காத்திருந்தாள். பிறகு திரையை அணைத்துவிட்டு, டீச்சருக்கு நன்றி சொல்லப் போனை எடுத்தாள்.