ஏனக்காவின் முதுகுக்குள்ளே

பேருந்து டிப்போவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வழித்தடம் மாறினாலும் வண்டி மாறினாலும் 'ஏன்' என்று கேட்காமல் சாவியைக் கையில் வாங்கமாட்டாள், அதனால் ஏனக்கா. அந்த ஏனக்காவுக்கு ஒருநாள் இடுப்பில் கிளம்பிய வலி, வலது கெண்டைக்கால் வழியாக இறங்கி, கட்டைவிரலில் போய் உட்கார்ந்துகொண்டது. மாத்திரை, பெல்ட், பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் கட்டைவிரலை மேலே தூக்கவே வரவில்லை. பேருந்து ஓட்டுகிறவளுக்கு வலது கால் போனால் பிழைப்பே போயிற்று.

"ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கு. அது பிதுங்கி நரம்ப அமுக்குது," என்றார் மருத்துவர். "சின்னதா ஓட்டை போட்டு, கேமரா வெச்ச குழாய விட்டு, பிதுங்கினத மட்டும் எடுத்துடலாம். அந்த இடம் மட்டும்தான் மரத்துப்போகும். நீங்க முழிச்சிருக்கணும். கால்ல சுரீர்னா உடனே சொல்லணும்."

"முதுகுல கத்தி வெச்சா அப்புறம் படுத்த படுக்கைதான் அண்ணி," என்று நாத்தனார் பயமுறுத்தினாள். கணவர் ஸ்கேன் படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏனக்காவுக்கும் பயம்தான். ஆனால் அவள் மனம் வேறொன்றில் சிக்கிக்கொண்டது.

"முழிச்சுத்தானே இருக்கப்போறேன். அந்தத் திரைய நானும் பார்க்கலாமா, டாக்டர்?"

"பொதுவா எல்லாரும் கண்ண இறுக்கி மூடிக்குவாங்க."

"உள்ள என்ன நடக்குதுன்னு தெரியலன்னாதான் எனக்குப் பயம்."

அவள் கேட்டபடியே, குப்புறப் படுக்கவைத்து ஊசி போட்ட பிறகு, நர்ஸ் திரையை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பிவைத்தாள். திரையில் தண்ணீர் ஓடியது. வெள்ளை நார்கள் அலைந்தன. மஞ்சளாக ஏதோ மிதந்தது.

"அது என்ன?"

"கொழுப்பு."

"அங்கயுமா?"

நர்ஸ் முகமூடிக்குள் சிரித்தாள். ஏனக்காவும் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதீங்க, முதுகு ஆடுது," என்றார் மருத்துவர்.

"சரி. அந்த ஓரத்துல ஏன் நீலமா இருக்கு?"

"சாயம் விட்டிருக்கோம். நைஞ்சுபோன பகுதி அதைப் பிடிச்சுக்கும். எதை எடுக்கணும்னு அடையாளம்."

திரைக்குள் குட்டி இடுக்கி ஒன்று நுழைந்து, நீலத்தைக் கவ்வி இழுத்தது. மறுநொடி அவள் காலில் மின்சாரம் பாய்ந்தது.

"சுரீர்ங்குது. கட்டைவிரல்ல."

இடுக்கி அப்படியே நின்றது. மெல்லப் பின்வாங்கியது.

"இப்ப?"

"இப்ப இல்ல."

"நரம்பு பக்கத்துல இருக்கு. வேற பக்கமா வர்றேன்."

"பார்த்து வாங்க."

இந்த முறை வலிக்கவில்லை. பிய்ந்த நண்டுச் சதைபோல ஒரு நீலத் துண்டு கவ்வப்பட்டு வெளியேறியது. அது இருந்த இடத்தில் வெள்ளையாக, தட்டையாக ஒன்று கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல உப்பி எழுந்து, துடிக்கத் தொடங்கியது.

"அதுதான் உங்க நரம்பு. இத்தனை நாள் நசுங்கிக் கிடந்துச்சு. இப்ப இதயத் துடிப்போட சேர்ந்து ஆடுது."

அவள் கண் திரையைவிட்டு நகரவில்லை.

"என்ன, கேள்வியே காணோம்?"

"இருங்க டாக்டர். கொஞ்சம் பார்த்துக்கிறேன்."

அன்று மாலை எழுந்து நின்றபோது கெண்டைக்காலில் வலி இல்லை. ஆனால் கட்டைவிரல் அசையவில்லை. நசுங்கிய நரம்பு நிதானமாகத்தான் தேறும் என்றார்கள். வாரக்கணக்கில் அவள் காலை நீட்டி உட்கார்ந்து, விரலைப் பார்த்துக் கெஞ்சினாள், திட்டினாள். ஒரு காலையில் அது தானாக மேலே எழும்பியது. கணவரைக் கூப்பிட்ட கூச்சலில் நாத்தனாரும் ஓடிவந்தாள்.

"எங்க, இன்னொரு தடவை தூக்குங்க அண்ணி."

தூக்கிக் காட்டினாள். நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதுகுத் தழும்பைத் தேடினாள். சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது.

"இதுக்குள்ளயா கேமராவ விட்டாங்க? உள்ள இருட்டா இருக்காதா?"

ஏனக்கா முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். பின்னர் விரலுக்குப் பலம் வந்ததும், ஓட்டுநருக்கான உடல்தகுதிச் சோதனையில் தேறி, பேருந்து ஓட்டவே திரும்பிப் போனாள்.